விதி என்று சொன்ன ஊர், யார் என்று கேட்ட ஊர்

கே. விஜயன் இயக்கிய 'விதி' 1984இல் வெளிவந்தது. அதற்குப் பிந்தைய சில வருடங்கள் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கத்து ஊர்களில் காதுகுத்து வீட்டுக்கு யாரும் வழி கேட்டுப் போனதில்லை. புளியமரக் கிளையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து அந்தப் படத்தின் கதைவசனம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கேட்கும். காதலித்துக் கைவிட்டவன் மீது ஒரு பெண் வழக்குப் போடுகிறாள். சுஜாதா அவளுக்காக வாதாடுகிறார். களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் குறுக்கு விசாரணை வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள். வசனம் அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனாலும் நின்று கேட்பார்கள். கோர்ட் வாசலை மிதித்தே இராத பெண்கள் அவர்கள். ஒரு பெண் கூண்டில் ஏறி நின்று ஊருக்கு முன்னால் கேள்வி கேட்பதை அவர்கள் காது சலிக்கச் சலிக்கக் கேட்டது எதற்காக என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

அது அவர்களுக்குப் புதிய காட்சி இல்லை. அதே பெண்கள் சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் விடிய விடிய உட்கார்ந்து, சபையின் நடுவே நின்று கேள்வி கேட்ட இன்னொருத்தியைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

தருமபுரி மாவட்டத்தில் பாரதக் கூத்து என்றால் ஒரு ராத்திரிக் கதை இல்லை. பதினெட்டு நாள் திருவிழாவாக நடக்கும் ஊர்கள் உண்டு. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவில் கூத்து நடக்கும். திரௌபதி கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுகள் நகரும். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொட்டலில் நீட்டிப் படுத்திருக்க, படுகளம். அன்று மாலை தீமிதி. முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து எழும்போது தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகூட எழுந்து உட்காரும்.

இந்த இரவுகளில் அதிகம் புழங்கிய சொல் விதி. தருமன் சூதாட உட்காரும்போது கட்டியங்காரன் விதி என்பான். கர்ணன் தேர்ச்சக்கரம் புதையும்போது பின்பாட்டுக்காரர் விதி என்று இழுப்பார். கண்ணன் எல்லாம் தெரிந்தும் சிரித்துக்கொண்டு நிற்பது மாயை. இதை வைத்துக்கொண்டு, கூத்து மக்களை விதிக்குப் பழக்கிவிட்டது, அடங்கி நடக்கக் கற்றுக்கொடுத்தது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பகடை துகில் இரவை முழுதாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அந்த இரவில் சூதாட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். துகிலுரியும் காட்சியும் சில நிமிடம்தான். துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றி, தாயே பொறுத்துக்கொள் என்று அம்மனைக் கும்பிடும் வழக்கம் உண்டு. நடிப்பாகக்கூட இந்தக் காரியத்தைச் செய்ய அவருக்குக் கை வராது. மீதி இரவெல்லாம் திரௌபதியின் வாதம். தன்னையே தோற்ற பிறகு தருமன் என்னைப் பணயம் வைக்க முடியுமா என்று அவள் பீஷ்மரிடம் கேட்பாள், துரோணரிடம் கேட்பாள், விதுரரிடம் கேட்பாள். ஒவ்வொருவராகத் தலை குனிவார்கள். பெண் வேடம் கட்டிய ஆண் நடிகர் குரல் கட்டிப்போகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார். யாரிடமும் பதில் இருக்காது. விதி என்ற பேச்சை அந்த ஒரு இரவில் சபையில் இருந்த பெரியவர்கள்தான் பேசுவார்கள். பாதிக்கப்பட்டவள் பேசமாட்டாள். அவள் கேட்பது சட்டம்.

கர்ண மோட்சமும் அப்படித்தான். குழந்தையை ஆற்றில் விட்டது, பரசுராமரின் சாபம், பிராமணரின் சாபம் என்று அவன் சாவுக்கு அடுக்கடுக்காக விதி சொல்லப்படும். 1964இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தில் சிவாஜி கணேசன் இந்தச் சோகத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அழாதவர் இல்லை. ஆனால் போட்டிக் களத்தில் நின்ற கர்ணனிடம் உன் குலம் என்ன என்று கேட்டது சாபம் இல்லை. கிருபர் கேட்டார். அவருக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, பக்கத்தில் நின்று ஆமோதித்தவர்கள் உண்டு. கூத்து அந்தக் கேள்வியை மறைக்காமல் வைத்தது. எங்கள் ஊர்க் கூத்துக் களரியில் அந்த வசனம் வரும்போது எதிரே யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் எனக்கு மறக்கவில்லை. ஊர்க்காரர்கள் கோயில் வாசலை ஒட்டி, சேரியிலிருந்து வந்தவர்கள் களரிக்குத் தள்ளி, ஓரமாக. கர்ணனுக்காக இரண்டு பக்கமும் அழுதார்கள். விடிந்ததும் அவரவர் பாதையில் போனார்கள். மேடையில் சொன்னது மேடைக்குக் கீழே இறங்கவில்லை. கூத்தின் எல்லை அது என்று சொல்லலாம். பார்த்தவர்களின் குற்றம் என்றே நான் சொல்வேன்.

இன்றும் அது முழுதாக மாறிவிடவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் வருவாய்த்துறை அந்தக் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது. நீதி கேட்டு நின்றவளின் கோயில் அது.

பாரதத்தில் ஒரு பகுதி உண்டு. நான் பார்த்த வரையில் எங்கள் பக்கம் அதற்கென்று தனி இரவு கிடையாது. காண்டவ வனத்தை அக்கினிக்கு இரையாகக் கொடுத்த கதை. அர்ச்சுனனும் கண்ணனும் இரண்டு பக்கமும் நின்று, காட்டிலிருந்து எந்த உயிரும் தப்பாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தப்பியவர்கள் சிலர். அவர்களில் ஒருவன் மயன். உயிர்ப்பிச்சை கொடுத்ததற்கு நன்றியாக அவன் பாண்டவர்களுக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொடுக்கிறான். தரையைத் தண்ணீர் என்றும் தண்ணீரைத் தரை என்றும் மயக்கும் மாய மண்டபம். துரியோதனன் வழுக்கி விழுந்தது அங்கேதான். அவன் அவமானம்தான் சூதாட்டமாக வந்தது, சூதாட்டம் போராக வந்தது. அந்தப் போருக்கு விதி என்று பெயர் வைத்துவிட்டோம். கதையை ஒரு படி பின்னால் தள்ளிப் பார்த்தால் தொடக்கத்தில் இருப்பது எரிந்த காடு. நாகர்களும் விலங்குகளும் பறவைகளும் சேர்ந்து எரிந்த காட்டின் மேல்தான் அந்த அழகான மாயை எழுந்தது.

இதை எனக்குப் புரியவைத்தது தருமபுரியில் எழுதப்பட்ட ஒரு நாவல். 1990களில் இங்கே தொலைபேசித் துறையில் வேலை பார்த்தபடி ஜெயமோகன் எழுதிய 'விஷ்ணுபுரம்' 1997இல் வெளிவந்தது. ஒரு பெரிய கோயில் நகரத்தின் வாழ்வையும் அழிவையும் சொல்லும் கதை. தத்துவ விவாதம், அதிகாரம், பசி, காமம், சடங்கு எல்லாம் அந்த நகரத்தில் உண்டு. அந்தக் கோயிலில் படுத்திருக்கும் பெரிய திருமால் யார் என்று தோண்டிக்கொண்டே போனால், காட்டு மக்களின் பெருமூப்பன் என்ற மூதாதை அங்கே கிடக்கிறான். அவனுடைய மக்கள் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறார்கள். நாவலின் கடைசிப் பகுதியில் வெள்ளம் வந்து நகரத்தைக் கொண்டுபோகிறது. பிரளயம், காலம், விதி என்று அதைப் படிக்கலாம். காட்டு மக்களிடமிருந்து பறித்ததன் மேல் நின்ற நகரம் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதாகத்தான் படித்தேன். சித்தேரி மலையடிவாரம் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சித்தேரி மலையடிவாரத்தில் அரூர் பக்கத்து ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று வனத்துறையினர், போலீசார், வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். மலையாளி பழங்குடி மக்களின் ஊர். வீடுகள் உடைக்கப்பட்டன, தானியம் கொட்டப்பட்டது, கிணறுகள் பாழாக்கப்பட்டன. மக்களை ஊர் ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாகச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது. ஊர் வெறும் சுவராக நின்றது.

பழைய கதைசொல்லலாக இருந்திருந்தால் இது விதி என்று முடிந்திருக்கும். முடியவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கை எடுத்தன. 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வனத்துறையில் 155, போலீசில் 108, வருவாய்த்துறையில் 6. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்கள் வரிசையாக நின்றவர்களின் முகத்தைப் பார்த்து, இவன், இவன் என்று காட்டினார்கள். நீதிமன்றத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கூண்டில் நின்று சாட்சி சொன்னார்கள். சபையில் திரௌபதி நின்ற இடம் அது. ஒலிபெருக்கியில் கேட்ட கூண்டும் அதுதான். இந்தத் தடவை நிஜம்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு நடந்த காலத்திலேயே 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுபடவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, அதே செப்டம்பர் 29ஆம் தேதி, 2023இல், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். அதற்கு முன் அந்த வருடம் மார்ச்சில் அவர் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்திருந்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அன்றைய கலெக்டர், போலீஸ் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். சம்பவம் நடந்து 31 வருடம் ஆகியிருந்தது. இளம்பெண்களாக இருந்தவர்கள் பாட்டிகளாகியிருந்தார்கள். பீஷ்மரிடம் கிடைக்காத பதில் தருமபுரியில் கிடைத்தது. அதற்கு ஒரு ஆயுளின் பாதி போனது.

நீதிபதி வாச்சாத்திக்குப் போன அதே மார்ச் மாதக் கடைசியில் வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் வெளிவந்தது. அதன் மூலக்கதை ஜெயமோகனின் 'துணைவன்'. மலைக் கிராமத்துப் பெண்களைப் போலீஸ் முகாமுக்கு இழுத்துவந்து சித்திரவதை செய்யும் காட்சிகள் படத்தில் வரும்போது தியேட்டரில் வாச்சாத்தி நினைவு வராதவர்கள் குறைவு. படத்தை நான் மதிக்கிறேன். சூரி நடித்த காவலர் குமரேசன் பெரிய வீரன் இல்லை. கீழ்மட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறவன், தடுக்க முடியாதவன், மனசாட்சி உள்ளவன். அரசாங்கம் என்ற ஒன்று எப்படி மேலிருந்து கீழ்வரை உத்தரவாக இறங்கி ஒரு பெண்ணின் உடம்பில் முடிகிறது என்பதை அந்தப் படம் காட்டியது. எழுபது எண்பதுகளின் சினிமாவில் ஒரு கெட்ட பண்ணையார் போதும், ஒரு கெட்ட இன்ஸ்பெக்டர் போதும். அவனை அடித்துவிட்டால் ஊர் நல்ல ஊராகிவிடும். அதுவும் மாயைதான். தப்பு ஒரு மனிதனிடம் மட்டும் இருக்கிறது, மற்றபடி சமூகம் சுத்தம் என்கிற மாயை. இன்றைய நல்ல படங்கள் அதை உடைத்திருக்கின்றன.

ஆனாலும் 'விடுதலை'யில் ஒன்று குறைகிறது. காட்சியின் நடுவில் அந்தப் பெண்கள் துன்பப்படுகிறவர்களாக மட்டும் நிற்கிறார்கள். பார்க்கிற கண் காவலருடையது, தவிப்பும் அவருடையது. நிஜமான வாச்சாத்தியில் தவித்தவர்களும் அவர்களே, நீதி தேடியவர்களும் அவர்களே, ஜெயித்தவர்களும் அவர்களே. கூத்துக்காரர்கள் இந்த இடத்தில் சினிமாவைவிடத் துணிந்தவர்கள். சேலை உரியும் காட்சியைக் கற்பூரம் ஏற்றிச் சுருக்கிவிட்டு, கேள்வி கேட்கும் காட்சிக்கு இரவு முழுவதையும் கொடுத்தார்கள்.

விதியை முகமூடியாகப் போட்டுக்கொள்வது இன்றைய வழக்கம். அதைக் கண்டுபிடித்துச் சொன்ன படம் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', 2018. களம் திருநெல்வேலிப் பக்கம். அதில் ஒரு பெரியவர் வருகிறார். சாதிக்காகக் கொலை செய்வார், ஆனால் எந்தச் சாவும் கொலை மாதிரி இருக்காது. தண்ணீரில் மூழ்கியது, பஸ்ஸிலிருந்து விழுந்தது. கடைசியில் நாயகனையும் தண்டவாளத்தில் போட்டு, ரயிலில் அடிபட்டதாகக் காட்டப் பார்க்கிறார். பார்த்தவர்கள் விதி முடிந்தது என்பார்கள். ஒரு சமூகமே சேர்ந்து கொலைக்கு விதியின் சேலையைப் போர்த்துவதை இவ்வளவு தெளிவாக வேறு படம் எனக்குக் காட்டியதில்லை.

தருமபுரிக்காரர்களால் அந்தத் தண்டவாளக் காட்சியைச் சும்மா பார்க்க முடியாது. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மாறிய ஒரு கல்யாணத்தைக் காரணம் காட்டி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன, சூறையாடப்பட்டன. அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை இளவரசன். 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசு கலைக்கல்லூரியின் பின்பக்கம் ரயில் பாதையோரம் அவர் உடல் கிடந்தது. தற்கொலை என்று விசாரணைகள் சொல்லின. குடும்பம் அதை ஏற்கவில்லை. தற்கொலை என்றே வைத்துக்கொண்டாலும், எரிந்த வீடுகளும் பிரித்துவைக்கப்பட்ட ஒரு கல்யாணமும் அந்தத் தண்டவாளத்துக்கு இட்டுச்சென்ற பாதையில் இருந்தன. அதை விதி என்று யாராவது என்னிடம் சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அந்த வருடமே பெருமாள்முருகனின் 'பூக்குழி' புத்தகமாக வந்தது. இளவரசனுக்குச் சமர்ப்பணம். குமரேசன், சரோஜா என்ற இரண்டு பேர் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு அவன் ஊருக்கு வருகிறார்கள். சோடாக் கடை, பாறைமேல் ஒரு குடிசை, ஓயாமல் புலம்பும் மாமியார். நாவலில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. வாசிக்கிறவன் தன் ஊரின் பெயரை, தன் சாதியின் பெயரைத் தானே அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதாகிறது. ஊரே சேர்ந்து அவர்களுக்கு எதிராக வருவதை வாசகன் முன்கூட்டியே அறிகிறான், தடுக்க முடியவில்லை. பழைய காவியத்தில் அந்த உணர்வை விதி தந்தது. இங்கே அக்கம்பக்கத்து மனிதர்கள் தருகிறார்கள். மொழிபெயர்ப்பாகி 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போன நாவல் அது. உலகம் படித்ததில் சந்தோஷம். நத்தம் காலனிக்கும் அதை ஒட்டிய ஊர்களுக்கும் நடுவில் அது படிக்கப்படுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

விதி என்று மூடாமல், செய்தவர் யார், செத்தவர் யார் என்று பெயர் சொல்லி எழுதும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்தில் மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், ஆநிரை கவர வந்தவர் யார், மீட்கப்போய்ச் செத்தவன் பெயர் எல்லாம் இருக்கும். மாடு மேய்க்கும் ஊரில் செத்த ஒரு சாதாரண ஆளுக்கு முகவரியோடு நினைவு வைத்தார்கள். அதிலே விதி என்ற பேச்சே கிடையாது.

கூத்து இப்போது எப்படி இருக்கிறது? பதினெட்டு நாள் நடத்தும் ஊர்கள் குறைந்துவிட்டன. பல இடங்களில் ஐந்து இரவு, மூன்று இரவு. ஊரின் இளைஞர்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். படுகளத்துக்கும் தீமிதிக்கும் மட்டும் பஸ் ஏறி வந்துபோகிறார்கள். பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி. விளக்கு வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது செல்போன்கள். சிலர் கூத்தை யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அங்கிருந்தே பார்க்கிறார்கள். ஓரமாக உட்காரவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். போன் திரையில் யாருக்கும் ஓரம் கிடையாது. இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இரவுகள் குறையும்போது எது வெட்டப்படுகிறது என்பதுதான் என் கவலை. சண்டைக் காட்சிகளும் மோட்சமும் நிற்கின்றன. வாதம் சுருங்குகிறது. திரௌபதி மூன்று பேரிடம் கேட்ட கேள்வியை இப்போது ஒருவரிடம் கேட்டுவிட்டு அழத் தொடங்கிவிடுகிறாள், உடனே கண்ணன் வந்துவிடுகிறான். நேரம் இல்லை என்கிறார் கூத்து வாத்தியார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு இரவுக்கு வாங்கும் பணத்தில் பத்துப் பேருக்கு மேல் பங்கு போட வேண்டும், விடிந்தால் அடுத்த ஊருக்கு வேன் பிடிக்க வேண்டும். ஆனால் திருவிழாக் கமிட்டிகள் ஒன்று செய்யலாம். எந்த இரவைக் குறைத்தாலும் பகடை துகிலை முழு இரவாக விடலாம். கூடவே, காண்டவ வனம் எரிந்த கதைக்கும் ஒரு இரவு கேட்டு வாங்கலாம். சித்தேரி அடிவாரத்து ஊர் ஒன்றில் அது ஆடப்பட்டால், கட்டியங்காரனுக்கு விளக்கம் சொல்லும் வேலை அதிகம் இருக்காது.

எழுத்தாளர்களிடமும் இயக்குநர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. வாச்சாத்தியின் ஒரு நாளை நிறைய பேர் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த 31 வருடங்களை யாராவது முழுசாக எழுத வேண்டும். வாய்தாவுக்கு விடிகாலை பஸ்ஸில் கிளம்பிய பெண்கள், அன்றைய கூலியை இழந்த வீடுகள், சமரசம் பேச வந்தவர்கள், வளர்ந்த பிறகு அம்மாவிடம் கேட்கத் தயங்கிய பிள்ளைகள், அணிவகுப்பில் விரல் நீட்டிய அந்த நிமிடம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்டார், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் நீதிமன்ற ஆவணங்களில் தேதியோடு இருக்கிறது.